பெடல் எங்கே நின்றது?

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினோம். அம்மாவுக்குத் தலைசுற்றல், பையனுக்குக் குரங்கு பார்க்க வேண்டும். கீழே சேலம் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினேன். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கில் கால் வைத்தால், பெடல் எந்தத் தடையும் இல்லாமல் நேராகத் தரையைத் தொட்டது. நல்லவேளை, முதல் கியரில் அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தோம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்ணில் சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டேன்.

வண்டி 1999 மாடல் மாருதி 800. வயதான வண்டி, ஏதோ போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை அமுக்கிப் பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி பிரேக் திரும்பி வந்திருந்தது. இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தோம். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்த்தவர், "பிரேக் நல்லாத்தான சார் இருக்கு?" என்றார். இருந்தாலும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடலாம் என்றார். மாற்றினார், பணமும் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அதே மலை, அதே இறக்கம், மறுபடியும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது.

அப்புறம்தான் ஒரு பெரியவரிடம் போனேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்ன ஷெட். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி: "கால் வெச்சப்ப பெடல் எங்கீங்க நின்னுச்சு?"

நிற்கவே இல்லை, தரைக்குப் போய்விட்டது என்றேன்.

"ஓட்டிக்கிட்டு இருக்கும்போதா, நின்னுட்டுக் கிளம்பினப்பவா?"

நின்றுவிட்டுக் கிளம்பியபோது என்றதும் அவர் மாஸ்டர் சிலிண்டர் பக்கமே திரும்பவில்லை. நேராக முன்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். இந்தக் கட்டுரையே அந்த இரண்டு கேள்விகளுக்கு விளக்கம்தான். 'பிரேக் பிடிக்கவில்லை' என்பது 'வயிறு சரியில்லை' என்பது மாதிரி. அதை மட்டும் வைத்து யாரும் மருந்து கொடுக்கக் கூடாது.

முதலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஊசி போடுகிற சிரிஞ்ச் இரண்டை எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய குழாயால் இணையுங்கள். உள்ளே முழுக்கத் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் அந்தக் கணமே இன்னொன்று வெளியே தள்ளும். திரவத்தை நசுக்கிச் சுருக்க முடியாது. ஒரு முனையில் கொடுக்கிற அழுத்தம் மறுமுனைக்கு அப்படியே போய்ச் சேரும். பள்ளியில் பாஸ்கல் விதி என்று படித்தது இதுதான். காரில் முதல் சிரிஞ்ச் பெடலுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர். மறுமுனை சிரிஞ்ச் ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிறது: முன்னால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை இரண்டு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டை வைத்துக் கவ்வுகிற கேலிப்பர், பின்னால் டிரம் என்ற வட்டக் கூட்டுக்குள் ஷூ என்ற உராய்வுக் கட்டையை விரிக்கிற வீல் சிலிண்டர். நடுவில் இரும்புக் குழாயும், சக்கரம் திரும்புகிற இடத்தில் ரப்பர் ஹோஸும். உள்ளே ஓடுவதை எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம். உண்மையில் அது எண்ணெய் இல்லை, கிளைகால் வகைத் திரவம். இந்த வித்தியாசம் முக்கியம், பின்னால் வருகிறேன்.

இப்போது அதே சிரிஞ்சுக் குழாயில் ஒரு காற்றுக் குமிழியை விட்டுப் பாருங்கள். அழுத்தினால் குமிழி சுருங்கும். மறுமுனை அசையாது, அல்லது அரைகுறையாக அசையும். பெடல் 'பஞ்சு மாதிரி' இருப்பது என்றால் இதுதான். காற்று வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. திரவமே கொதித்தாலும் ஆவிக் குமிழி உண்டாகும்.

பிரேக் ஆயில் கொதிக்குமா? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆட்களோடு ஆயிரம் கிலோ எடையுள்ள கார், குறைத்தே வைப்போம், ஆயிரம் மீட்டர் இறங்குகிறது. அந்த எடையை அவ்வளவு உயரம் ஏற்றியபோது செலவான ஆற்றல், இறங்கும்போது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்கினால், 98 லட்சம் ஜூல் வெப்பம். வீட்டுக்கு வருகிற இருபது லிட்டர் தண்ணீர் கேன் தெரியும் அல்லவா, அதில் ஒன்றரைக் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். நிஜத்தில் காற்றும் இன்ஜினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. இன்ஜின் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பது நீங்கள் போடுகிற கியரைப் பொறுத்தது. நியூட்ரலில் உருட்டினால் ஒன்றுமே வாங்கிக்கொள்ளாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளின் சூடும் நான்கு சக்கரங்களின் தலையில்தான், அதிலும் பெரும்பகுதி முன்சக்கரங்களில். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதில் இருக்கிற கணக்கு இதுதான்.

பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று பாட்டிலில் குறித்திருப்பார்கள். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. டாட் 4 என்றால் 230. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கிளைகால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடி வைத்திருந்தாலும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால், டாட் 3-க்கான வரம்பு 140 டிகிரிக்கும் டாட் 4-க்கு 155 டிகிரிக்கும் இறங்கிவிடுகிறது. நூறு மில்லியில் ஒரு டீஸ்பூன்கூட இல்லாத தண்ணீர், அறுபது எழுபது டிகிரியைத் தின்றுவிடுகிறது! டவுனுக்குள் ஐந்து ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் ஓட்டுகிறவரை இது தெரியவே தெரியாது. அந்தச் சூடு அங்கே வராது. மலை இறக்கத்தில்தான் குட்டு வெளிப்படும்.

சரி, அப்படியானால் இறங்கிக்கொண்டிருந்தபோது ஏன் போகவில்லை, நின்று கிளம்பியபோது ஏன் போனது? எனக்கு விடிய விடியக் குழப்பம் இதில்தான். பெரியவர் சொன்னது: வண்டி ஓடும்போது டிஸ்க்கின் மேல் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. நிறுத்தினதும் காற்று நின்றுபோகும். டிஸ்க்கின் சூடு பேட் வழியாகக் கேலிப்பருக்குள் மெதுவாக இறங்கும். அடுப்பை அணைத்த பிறகும் கல்லில் தோசை வேகிறது இல்லையா, அந்த மாதிரி. அதுவரை கொதிக்காத ஆயில், நீங்கள் குரங்குக்குப் பொரி போடுகிற அந்தப் பத்து நிமிடத்தில் கொதித்து விடுகிறது. (குரங்குக்குப் போடக் கூடாது, அது வேறு விஷயம்.) ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பிரேக்கும் வந்துவிடும். அதனால்தான் மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் எதுவும் பிடிபடவில்லை. ஆறிப்போன வண்டியில் தடயமே இருக்காது.

மாஸ்டர் சிலிண்டர் மாற்றினபோது புது ஆயில் ஊற்றினார்களே என்று கேட்டேன். அவர் இடது முன்சக்கரத்து நிப்பிளில் (ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகு) ஒரு டியூபைச் சொருகி, என்னைப் பெடலை அமுக்கச் சொல்லி, கொஞ்சம் ஆயிலை ஒரு பழைய பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே, மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் கொடுக்கிற டப்பாவில் இருந்தது தேன் நிறம். கீழே வந்தது டிகாக்‌ஷன் நிறம். மேலே புதிதை ஊற்றிப் பேருக்கு ஏர் எடுத்திருக்கிறார்கள், அதாவது குழாயிலுள்ள காற்றை மட்டும் வெளியேற்றியிருக்கிறார்கள். கேலிப்பருக்குள் இருந்த பழைய ஆயில் அங்கேயே இருந்திருக்கிறது. கொதிப்பது கீழே இருப்பதுதான், மேலே இருப்பது இல்லை. கூடவே இன்னொன்றும் இருந்தது. அந்தக் கேலிப்பர் வழுக்கி நகர்வதற்கான 'பின்' (pin) என்ற கம்பி துருவேறி இறுகிப்போயிருந்தது. அதனால் காலை எடுத்த பிறகும் ஒரு பேட் டிஸ்க்கை லேசாக உரசிக்கொண்டே வந்திருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றினபோது வலது சக்கரம் சும்மா சுற்றியது, இடது சக்கரம் முனகியது. ஆக, பழைய ஆயில் பாதிக் காரணம், ஓயாத உரசல் மீதிப் பாதி. மாஸ்டர் சிலிண்டருக்கு இதில் சம்பந்தமே இல்லை.

இது ஒரு வகைதான். பெடல் தரைக்குப் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது அவ்வளவு கடினமில்லை.

சூடே இல்லாமல், சாதாரண ரோட்டில் திடீரென்று பெடல் கீழே போனால் முதலில் பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. துருப்பிடித்த இரும்புக் குழாய், வெடித்த ரப்பர் ஹோஸ், பின்சக்கரத்து வீல் சிலிண்டர், இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். வீல் சிலிண்டர் ஒழுகல் டிரம்முக்குள் மறைந்திருக்கும். சக்கரத்தின் உள்பக்கம், டயர் ஓரமாக ஈரக்கறை தெரிந்தால் அதுதான். ராத்திரி வண்டிக்கடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்துவையுங்கள். ஏசித் தண்ணீர் நடுவில் சொட்டும், காய்ந்துவிடும். இன்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும். சக்கரத்துக்கு நேர் கீழே வெளிர் மஞ்சளிலோ பழுப்பிலோ வழுக்கலான கறை என்றால் பிரேக் ஆயில். கையில் பட்டால் கழுவிவிடுங்கள், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பேட் தேயத் தேய, கேலிப்பருக்குள் பிஸ்டன் வெளியே நகர்வதால் டப்பாவின் அளவு மாதக்கணக்கில் மெல்லக் குறைவது இயல்பு. ஒரு வாரத்தில் குறைந்தால் அது இயல்பில்லை. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டுகிறவர்கள் நோயை மறைத்துவைக்கிறார்கள், அவ்வளவுதான்.

டப்பாவில் அளவு குறையவில்லை, வெளியே ஒழுகலும் இல்லை. ஆனால் சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதா? இப்போதுதான் மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். உள்ளே இருக்கிற ரப்பர் கப் தேய்ந்தால், ஆயில் வெளியே போகாமல் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கே நழுவிவிடும். வேகமாக மிதித்தால் பிடிக்கும், மெதுவாக மிதித்தால் நழுவும். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் பெடலைப் பிடித்துப் பாருங்கள். இறங்காமல் நின்றால் அந்தச் சிலிண்டருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடலாம். எனக்கு அன்று இந்த அரை நிமிடச் சோதனையை யாராவது செய்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். இதில் ஒரு கள்ளத்தனமான வகையும் உண்டு: மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம் ஒழுகினால் ஆயில், அதன் பின்னாலுள்ள பூஸ்டருக்குள் (மிதிக்கிற காலுக்கு உதவுகிற தட்டு, பின்னால் வருகிறேன்) போய்விடும். டப்பாவில் குறையும், தரையில் சொட்டே இருக்காது.

முதல் மிதிக்குப் பெடல் ரொம்பக் கீழே போய், உடனே இரண்டாவது மிதிக்கு மேலே வந்து பிடித்தால், பெரும்பாலும் பின் டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும், இல்லை என்றால் எங்கோ காற்று இருக்கும். அட்ஜஸ்ட் செய்து, ஏர் எடுத்தால் முடிந்தது.

எதிர்மாறான வகை, பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டி நிற்காது. பலர் இதையும் 'பிரேக் ஃபெயிலியர்' என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் இங்கே ஆயிலுக்கு வேலையே இல்லை. அழுத்தம் சக்கரம்வரை ஒழுங்காகப் போகிறது. பேட்டும் ஷூவும்தான் கவ்வவில்லை. அதிகச் சூட்டில் அவற்றின் உராய்வு குறைந்துபோகும், கருகின நாற்றம் வரும். நான்கு சக்கரத்திலும் டிரம் இருக்கிற பழைய அம்பாசடர்களில் இது சீக்கிரமே வந்துவிடும், டிரம்முக்குள் சூடு வெளியேற வழி குறைவு. ஆறவிட்டால் சரியாகும். ஆனால் வெந்த சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடிவாரத்தில் சிலர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சூடான இரும்பு சட்டென்று குளிர்ந்தால் கோணிவிடும், சில சமயம் விரிசல் விடும்.

பெடல் கல்லாவதற்கு இன்னொரு காரணம் பூஸ்டர். இன்ஜின் உறிஞ்சுகிற வெற்றிடத்தை வைத்து உங்கள் காலுக்கு உதவுகிற தட்டு அது. இன்ஜினை அணைத்துவிட்டால் மிச்சமிருக்கிற வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு மலை இறங்குகிற பழக்கம் நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு உண்டு, என் மாமா ஒருவரும் அப்படித்தான். நான்காவது வளைவில் பிரேக் கல்லாகும், சாவியைக் கூடுதலாகத் திருப்பினால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். பூஸ்டரைச் சோதிப்பது சுலபம். இன்ஜினை அணைத்து ஐந்தாறு தடவை மிதித்து இறுக்கமாக்குங்கள், காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரையோ அதற்குப் போகிற வேக்குவம் ஹோஸையோ பாருங்கள்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு கேலிப்பர் இறுகியிருக்கும் அல்லது ஒரு ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். ஹோஸ் வீங்கினால் மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரத்தான் வழியிருக்காது. அந்தச் சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. என் வண்டியில் இதைச் செய்திருந்தால் மலைக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. இப்போதைய கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனித்தனி அறைகள் உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கம் ஒழுகினாலும் பெடல் பாதிக்கு மேல் இறங்கி, கீழே எங்கோ கொஞ்சம் பிடிக்கும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் ஒரே அறைதான். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மலை ஏறுங்கள்.

ஓடும்போதே போய்விட்டால்? பெடலை விடாமல் வேகவேகமாக மிதியுங்கள். ஆவியோ ஒழுகலோ, ஏதாவது கொஞ்சம் அழுத்தம் திரும்பக் கிடைக்கலாம். அதே நேரத்தில் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. ஹேண்ட் பிரேக் கேபிளில் ஓடுவது, அதற்கு ஆயில் தேவையில்லை. பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடும். சாவியைத் தொடாதீர்கள். ஹாரனை விடாதீர்கள், ஏறி வருகிறவர் ஒதுங்கட்டும். கடைசி வழி மலைப்பக்கம் உரசுவது. இங்கே ஒரு கவனம்: கொண்டை ஊசி ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் மலையும் பள்ளமும் பக்கம் மாறும். இப்போது இடது பக்கம் மலை என்றால், அடுத்த வளைவு திரும்பினதும் இடது பக்கம் பள்ளம். வளைவுக்கு முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும்.

ஆயில் வாங்கும்போது, வண்டியிலுள்ள ஆயில் டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். திறந்து பாதி மிச்சமாகி ஷெட் அலமாரியில் தூசி படிந்திருக்கிற பாட்டில் வேண்டாம், அதில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும். டாட் 5 என்பது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது, டாட் 5.1 வேறு, அது கிளைகால்தான். பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது! இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கிற ரப்பர் அத்தனையும் ஊதிவிடும், பிறகு கப், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான்.

பெரியவர் அன்று நான்கு சக்கரத்திலும் தேன் நிறம் வரும்வரை ஆயிலை வெளியேற்றினார், பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டார். பானெட்டுக்கு உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் அன்றைய தேதியை எழுதி, கீழே இரண்டு வருடம் கூட்டி இன்னொரு தேதியையும் எழுதினார். அடுத்த தடவை இறக்கத்தில் நிறுத்தினால், கிளம்புவதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலேயே ஒரு தடவை பெடலை மிதித்துப் பார்க்கச் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் நிறுத்தினோம். பின்சீட்டிலிருந்து பையன்தான் முதலில் கேட்டான், "நிக்குதாப்பா?"